சிறிய அளவு

முதலில் வாங்கியது காகித மூடி.
பெட்டிக்கு இருபது, மஞ்சளில் ஒற்றை வார்.
மூச்சு விடும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடி பனித்தது.
அப்போதே உறைத்திருக்க வேண்டும்:
வெளியே போகிற வழியில்தான் உள்ளேயும் வரும்.

உறைக்கவில்லை.
ஒரு குளிர்காலம் முழுக்க
அதை மாட்டிக்கொண்டே உப்புத்தாள் தேய்த்தேன்.
மாலையில் மூக்கைச் சிந்தினால்
கைக்குட்டையில் அன்றைய மரம்.
லெங்கா என்றால் இளஞ்செம்மை,
மாஞியோ என்றால் மஞ்சள்.
வேலைக்குக் கணக்கு எழுதவே வேண்டாம்,
துவைக்கப் போட்டதை எண்ணினால் போதும்.

என் தம்பி ரோசமெல் அதுவும் போடமாட்டான்.
தாடிதான் வடிகட்டி என்பான்.
விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவர்கள் உண்டு;
இவனுக்கு விழாமலே ஒட்டியது,
சிரித்தால் சூப்பில் உதிர்ந்தது.

மே மாதம் இருமத் தொடங்கினான்.
புகை என்றான்.
கொய்ஹைக்கேயில் எந்த இருமலையும்
புகையின் தலையில் கட்டிவிடலாம்,
வீட்டுக்கு வீடு விறகடுப்பு.

மருத்துவமனையில் அந்தப் பெண் ஒன்றுதான் கேட்டாள்:
"பெருக்கி முடித்தபின்
எவ்வளவு நேரம் உள்ளே நிற்பீர்கள்?"
அன்றிரவு ரம்பம் ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்து
இருட்டுப் பட்டறையில் டார்ச் அடித்தேன்.
தரை சுத்தம். மேசை சுத்தம்.
வெளிச்சம் போன இடமெல்லாம்
இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டிருந்தது
நாங்கள் ஒருநாளும் பெருக்காதது.

இஸ்மெனியாவின் இரும்புக் கடையில்
ரப்பர் முகமூடி, இருபுறமும் இளஞ்சிவப்பு வட்டுகள்.
தாடிக்காரர்களுக்கு மோட்டார் வைத்த தலைக்கவசம் இருக்கிறதாம்,
விலைக்கு இன்னொரு பட்டை ரம்பமே வாங்கலாம்.
முகமூடி இரண்டு வாங்கினேன்.
கூடவே ஒரு சவரக்கத்தி.

"உள்ளங்கையால் வட்டுகளை மூடு, மூச்சை இழு.
ரப்பர் உன் முகத்தைக் கவ்வினால் சரி.
உன் தாடி விடாது," என்று
செய்து காட்டினேன்.

கவ்வவில்லை, எனக்கு.
மூக்கோரம் குளிர்ந்த நூலாகக் காற்று
கண்ணுக்குள் ஏறியது.
வாரை இறுக்கினேன், கன்னத்தில் பள்ளம் விழும்வரை.
நூல் அறுபடவில்லை.
நடுத்தர அளவு என்று பெட்டியில் போட்டிருந்தது.
யாருடைய நடு?
ரோசமெல் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டு
தாடிக்குள்ளேயே சிரித்தான்.

சிறியது சந்தியாகோவிலிருந்து வரவேண்டும்,
கணவாயில் பனி கொட்டாவிட்டால் மூன்று வாரம்.

மறுநாள் காலை வந்தவனை
ஒரு கணம் யாரென்று பார்த்தேன்.
மோவாயில் வெள்ளைப் பிறை.
என் உளி. அவனுக்கு ஆறு வயது.
ஊஞ்சலிலிருந்து விழுந்தேன் என்று
அம்மாவிடம் சொன்னவன் அவன்தான்.
"அதை மறைக்கவா வளர்த்தாய்?"
"சேச்சே, குளிருக்கு."
வட்டுகளை மூடி இழுத்தான்.
முதல் இழுப்பிலேயே கவ்வியது.
அவர்கள் அச்செடுத்த முகம் இவனுடையது போலும்.

மூன்று வாரமும் அவன் தேய்த்தான்,
நான் வெளிக்கொட்டகையில் கையுறையோடு எண்ணெய் பூசினேன்,
பொறாமையோடு.

ஜூலையில் பெட்டி வந்தது.
மூடினேன், இழுத்தேன்,
ரப்பர் என்னை நம்பி ஒட்டிக்கொண்டது.
ஆனால் லெங்காவின் வாசனை நின்றுவிட்டது.
இதை யாரும் சொல்லவில்லை.
பலகை ஈரமா, கத்தி சூடேறுகிறதா,
இருபத்திரண்டு வருடமாக மூக்குதான் சொல்லும்.
ஒருமுறை, ஒரே ஒருமுறை,
இயந்திரத்தை நிறுத்திவிட்டு விலக்கி மோந்தேன்.
உடனே மாட்டிக்கொண்டேன்.
வாசனை என்று நான் கொண்டாடியதில்
எவ்வளவு தூள் என்று யார் கண்டது?

அன்று மாலை கைக்குட்டை வெள்ளை.
விளக்கடியில் இருமுறை திருப்பிப் பார்த்தேன்.

பூட்டிவிட்டு இறங்கினால்
தெரு முழுக்கப் புகை,
எதிர்வீட்டு விளக்கு பழஞ்சோற்று நிறத்தில்.
ரோசமெல் முகமூடியைக் கழற்றவே இல்லை,
அப்படியே மேடேறினான்.
வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த எலெயுதேரியோ
என்னை நிறுத்தி,
"யார் அது, வெளியூரா?" என்றார்.
என் தம்பி என்றேன்.
அவனுக்குத் தாடி உண்டே என்றார்,
நம்பாமல்.