இரண்டாம் மேடை, மதியம் ஒன்றரை

நேற்றைய மழையைப் புல் இன்னும்
விழுங்கி முடிக்கவில்லை.
மேடைக்கு முன் பதினொரு பேர்,
நாயையும் சேர்த்து.

கயானியிலிருந்து ஓட்டை வேனில் வந்த மூவர்.
துயிரே பாடுகிறாள்,
பாடுகிறாள் என்பதைவிட
மைக்கிடம் கடன் கேட்கிறாள்.
கிட்டார் கம்பி ஒன்று அறுந்தது.
"மன்னிக்கணும், எங்களிடம் இருக்கிற
ஒரே நல்ல பாட்டு இதுதான்."
சிரித்தோம்.
சிரித்த பிறகுதான் கூட்டமானோம்.

மிச்சப் பாட்டு ஐந்து கம்பியில்.
காலி பியர்க் கோப்பை பொறுக்கும் ஒஸ்மோ
(கோப்பைக்கு ஒரு யூரோ)
குனிந்தவர் நிமிர்ந்து அப்படியே நின்றார்,
தோளில் சாய்ந்த கோப்பைக் கோபுரத்தோடு,
கடைசித் தட்டல் அடங்கும்வரை.
இரண்டு கோப்பைகளை வேறொருவன் அள்ளிப்போனான்.

இரவு பத்தரை.
பின்லாந்தின் ஜூன் சூரியன் ஏரிமேல்
கிளம்ப மனமில்லாத விருந்தாளி.
பெரிய மேடை, பெரிய பெயர்,
இருபதாயிரம் கைகள்.
நன்றாகத்தான் இருந்தது.

கழிப்பறை வரிசையில் எனக்கு முன்னால் துயிரே.
முழங்கால்வரை சேறு,
மணிக்கட்டில் வளையலாய்ச் சுற்றிய அறுந்த கம்பி.
திரும்பிப் பார்த்தாள்.
"மதியம் இருந்தீங்க."
கேள்வி அல்ல, கணக்கு.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"அந்த நாய் கடைசிவரை
போகவே இல்லை, பார்த்தீங்களா?"