விளிம்பில் உள்ள பெயர்

எங்கள் வீட்டுப் பதக்கத்தின் விளிம்பில்
பொறித்திருப்பது என் அப்பா பெயரில்லை.
ஜொஹானஸ்பர்க்கிலிருந்து கூப்பிட்டவரிடம்
முதலிலேயே சொல்லிவிட்டேன்.
பரவாயில்லையம்மா, விலையே அந்தப் பெயருக்குத்தான் என்றார்.
போனை வைத்துவிட்டேன்.

வெள்ளி. ஒரு பக்கம் ராஜாவின் தலை.
சமையலறைத் தராசில் முப்பத்தாறு கிராம்,
கடுகு டப்பா மூடியைவிடக் கொஞ்சம் கூட.

பொன்னுசாமி படையாச்சியும் என் அப்பா வீராசாமியும்
டர்பன் துறைமுகத்தில் ஒரே நாளில் கப்பலேறியவர்கள்.
பாலைவனப் படைக்கு நம்மவர் வரலாம்,
லாரி ஓட்டலாம், சுடுபட்டுச் சாகலாம்.
துப்பாக்கி மட்டும் தொடக்கூடாது.

விமானங்கள் வந்து போனபின்
ஏழு லாரிகள் எரிந்துகொண்டிருந்தன.
பொன்னுசாமி தப்பிய லாரியை விட்டிறங்கித்
திரும்பி ஓடினார்.
முதல் தடவை ஒரு மலாய்க்காரப் பையன்,
அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.
இரண்டாம் தடவை சமையல்காரர், ஒரு கால் இல்லை.
மூன்றாம் தடவை அவர் தேடிப்போனது அப்பாவை.

அப்பா ஸ்டீயரிங் மேல் சாய்ந்திருந்தார்,
நீண்ட ரோட்டில் அசந்துபோனவர் மாதிரி.
சட்டைக் காலர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
அதைக் கையால் அணைத்தாராம்.
அணைத்தபிறகுதான் கேட்டது,
சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல்.
வெள்ளைக்காரக் காப்டன்.

காப்டன் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் எழுதினார்.
அதில் மூன்றாம் தடவை மட்டும்தான் இருந்தது.

நாற்பத்தாறில் கேட்டோ மேனரில்
எங்கள் தகரவீட்டு வாசலில் வந்து நின்றார்.
எனக்கு ஆறு வயது, கதவுக்குப் பின்னால்.
"இது வீராசாமிக்குச் சேர வேண்டியது, அண்ணி."
"இதுக்கு அவர் என்ன செஞ்சார்?" என்றாள் அம்மா.
"ஒண்ணும் செய்யலை. செத்துப்போயிருந்தான்.
உயிரோட இருந்திருந்தா அவனைத்தான் தூக்கியிருப்பேன்.
அந்தக் காப்டன் அங்கேயே கிடந்திருப்பான்.
இதை எப்படி நெஞ்சுல குத்திக்கிறது, சொல்லுங்க."

அம்மா பதக்கத்தை வாங்கிக்கொண்டாள்.
காப்பி கொடுக்கவில்லை.
அடுத்த மாதம் கொடுத்தாள்.

அப்புறம் மாதம் தவறாமல் வார்விக் அவென்யூ சந்தை முடிந்து
லாரி எங்கள் தெருவில் திரும்பும்.
கேட்டருகே ஒரு சாக்கு மடும்பிக் கிழங்கு இறங்கும்,
மண்ணோடு, சில சமயம் ஒரு தவளையோடு.

கறுப்பருக்கு, இந்தியருக்கு, வெள்ளையருக்கென்று
தெருக்களைப் பிரித்த வருஷம்
எங்கள் வீட்டுக் கதவில் சுண்ணாம்பால் எண் போட்டார்கள்.
அம்மா வெளுத்த சேலை கட்டிக்கொண்டு
ஆபீசுக்குப் போய்ப் பதக்கத்தை மேஜையில் வைத்தாள்.
ராஜாவுக்காகச் செத்தவர் வீடு, துரை.
அவன் அதைத் திருப்பி விளிம்பைப் படித்தான்.
பி. படையாச்சி.
உன் பெயர் கவெண்டர்.
இது யாரிடம் திருடியது?

அன்று ராத்திரி அம்மா அதைக் கடுகுக்குள் புதைத்தாள்.
தாளிக்கும்போதெல்லாம் கரண்டியில் தட்டும்.

சாட்ஸ்வொர்த்துக்குச் சாமான் ஏற்றியது
பொன்னுசாமியின் லாரிதான்.
முதல் நடையில் கட்டில், அடுப்பு, கோழிகள்.
இரண்டாம் நடையில் தகரம், மரச்சட்டம்,
பிடுங்கிய கறிவேப்பிலைக் கன்று, அம்மா, நான்.
மூன்றாம் நடைக்கு அங்கே ஒன்றுமே பாக்கியில்லை.
ஆனாலும் போனார்.
இருட்டினபின் வெறும் வண்டியோடு வந்தார்.
அம்மா ஒன்றும் கேட்கவில்லை, சோறு போட்டாள்.

எண்பத்தொன்றில் அவர் போனபோது
கடுகைத் தட்டி எடுத்துக்கொண்டு நானே போனேன்.
வெள்ளைச் சட்டையில் குத்தினேன்.
காலையிலிருந்து மூன்று மணிவரை,
வாழ்நாளில் அவ்வளவு நேரம்தான் அணிந்திருந்தார்.
கிளேர் எஸ்டேட் சுடுகாட்டு வாசலில்
அவர் மகன் தனபாலன் அதைக் கழற்றி
என் கையில் திருப்பி வைத்தான்.
அப்பா அப்படித்தான் சொல்லியிருக்கார் அக்கா, என்றான்.

சட்டையில் ஊசி நுழைந்த துளை ஒன்று,
வெளியே வந்த துளை ஒன்று.
அவை அவரோடு உள்ளே போயின.

போன் மறுபடி அடிக்கிறது.