வயிற்றில் என்ன இருந்தது

முகத்துவாரத்திலிருந்து ஐஸ்பெட்டி வர
ஆறரை ஆகும்.
மர்சூக்கின் ஓட்டோவில் பின்சீற்றில் பெட்டிதான் பயணி.
மீன்களைச் சிங்களத்தில் ஏசிக்கொண்டு வருவார்,
விலையைத் தமிழில் சொல்வார்.

மாதம் நாற்பது பாரை.
நீளம், நிறை, ஆணா பெண்ணா,
பிறகு கத்தரிக்கோல்.
என் பங்கு வயிறு.

பெயர் பெனடிற்றா. சம்பளத் தாளில்
ஆய்வுகூட உதவியாளர், தற்காலிகம்.
ஏழாவது வருடமாகத் தற்காலிகம்.

விரல்நீளக் குஞ்சுகளுக்கு
களனி ஆறு கடலில் விழுகிற கலங்கல்தான் வீடு.
வயிற்றில் ஒரு சொட்டுச் சாந்து மட்டும் இருக்கும்.
நுணுக்குக்காட்டியில் வைத்தால்
சாந்து கால்களாகவும் கண்களாகவும் பிரியும்,
உப்புக்கல்லைவிடச் சின்ன உயிர்கள்.
எண்ணி முடிக்கையில் கழுத்துப் பிடித்துவிடும்.

சாண் வளர்ந்ததும் கூனி.
முழத்தைத் தொட்டால் நெத்தலி, சூடை,
எல்லாம் தலை முதலாக விழுங்கியவை,
செட்டை தொண்டையில் குத்தாதபடி.
அதற்கும் மேலே கணவாய், நண்டு,
ஒருமுறை செருப்பு வார் ஒன்று.
வாயின் அகலத்தை அளக்க
மேசை இழுப்பறையில் தனிக் கருவி இருக்கிறது.

வயதைக் காதுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது மீன்.
குறுணி அரிசிபோல ஒரு கல்.
தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் வளையங்கள்:
தீனி கிடைத்த மாதங்கள் அகலமாக,
கிடைக்காதவை மயிரிழையாக.

கச்சான் காற்று கிளம்பும் ஆனி ஆடியில்
படகுகள் கரையில் குப்புறக் கிடக்கும்.
பெட்டி பாதிதான் வரும்.
அந்தப் பாதியிலும் பாதி வெறும் வயிறு,
கழற்றிப்போட்ட கையுறைபோலச் சுருங்கி.
முதல் வருடம் அவற்றைப் பட்டியலில் சேர்க்காமல் எறிந்துவிட்டேன்.
கலாநிதி ஹேமசிறி வாளியிலிருந்து எடுத்து வந்து
மேசையில் வைத்தார்.
"இதுவும் எழுதணும் மிஸ்" என்றார், தன் தமிழில்.

ஐப்பசியில் தண்ணீர் தெளியும்.
நெத்தலி திரும்பும். வயிறுகள் கல்லாய் இறுகும்.
அப்போதெல்லாம் மர்சூக் பெட்டியை இறக்கிவிட்டும் போகமாட்டார்.
"இப்ப என்னத்தத் திங்குது மிஸ்?"
போன வருடம் கணவாய் என்று சொல்லிவிட்டேன்.
அடுத்த கிழமையே வயிறெல்லாம் கணவாய்!
வரைபடம் செங்குத்தாய் ஏறியது.
பிறகுதான் கவனித்தேன்,
துண்டுகளின் விளிம்பு நேராக இருந்ததை.
கடலுக்குள் எந்தப் பல்லும் அவ்வளவு நேராக வெட்டாது.
மர்சூக்கின் மச்சானுக்குத் தூண்டில் தொழில்.
பதினேழு வரிகளைச் சிவப்பால் அடித்தேன்.

நேற்று இருபத்தெட்டாவது மீன்.
பெரியது, பெண், காதில் ஆறு வளையம்.
வயிற்றைத் திறந்தேன்.
உள்ளே ஒரு பாரை.
வெள்ளி இன்னும் மங்கவில்லை,
வாலடியில் முள்வரிசை அப்படியே.
சொந்தக் குஞ்சாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்,
அதற்கு நிரல் இல்லை.

யாரும் சொல்லவில்லை, சின்னதையும் வெட்டினேன்.
உள்ளே பதினொரு கூனி,
இளஞ்சிவப்பு, கறுப்புப் பொட்டுக் கண்கள்,
சமிக்கத் தொடங்கவே இல்லை.
கடைசியாக ஒரு வாய் நிறைய
சாப்பிட்டிருக்கிறது.

இப்போது கூனியை யார் கணக்கில் எழுதுவது?
பெரியது தின்றது ஒரு மீன், அவ்வளவுதான்,
மற்றது எங்களுக்குத் தேவையில்லை என்றார் கலாநிதி.
சரிதான்.
ஓரத்தில் பென்சிலால் 11 என்று எழுதி
அழித்தேன்.
அழித்த தடத்தின் மேலேயே திரும்ப எழுதினேன்.

வீட்டில் தேசிக்காய் போட்டும் கை நாறியது.
சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

இன்று காலை பெட்டியை இறக்கிவிட்டு
மர்சூக் சேட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார்.
"இப்ப என்னத்தத் திங்குது மிஸ்?"

கூனி என்றேன்.
பொய்யில்லை.