கிடைக்குமா

சூரியநெல்லியில் அதிகாலை மூணே முக்காலுக்கு
ஜீப்பைக் கிளப்பி உறுமவிடும்போதே
முதல் கேள்வி வந்துவிடும்:
"அண்ணே, இன்னைக்குக் கிடைக்குமா?"
மீன்காரனிடம் நெத்திலி கேட்பது மாதிரி.

கிடைக்கும் சார், ஏறுங்க.
கம்பியைப் பிடிங்க. பேசாதீங்க, நாக்குக் கடிபடும்.

அப்புறம் ஒன்றரை மணி நேரம்
பாதை என்று சொன்னால் கல்லே சிரிக்கும் ஒரு பாதை.
என் வண்டிக்கு எல்லாக் கல்லும் தெரியும்
எனக்கு எல்லா வாந்தியும் தெரியும்.
எல்லை எங்கே எல்லை எங்கே என்பார்கள்.
இங்கேதான் எங்கேயோ தாண்டினோம்.
தேயிலை இரண்டு பக்கமும் ஒரே பச்சை,
கூலியில்தான் கோடு இருக்கிறது.

போன வாரம் சென்னைக்காரர் ஒருவர்
போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.
பஞ்சுக் கடல், அதில் பாதி முங்கிய சூரியன்,
பாறை நுனியில் கையை விரித்து ஒரு பெண்.
"இதே இடம், இதே மாதிரி வேணும்."
இதே இடம்தான் சார் என்றேன்.
மற்றதற்கு நான் பதில் சொல்வதில்லை.

பனி இறங்கிய நாளில்
ஒருவர் போர்வையை ஒருவர் படம் எடுத்துக்கொண்டு
வெள்ளைக்குள் நிற்பார்கள்.
ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு
இவ்வளவுதானா என்று என்னைப் பார்ப்பார்கள்,
நான்தான் திரையைத் தூக்க மறந்துவிட்டேன் என்பதுபோல.

மேகம் கீழே தங்கிவிட்ட நாளில் மட்டும்
கை தட்டுவார்கள்.
அங்கமாலியிலிருந்து வந்த டீச்சர் ஒருவர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார்.
சொர்க்கம் என்றார்கள், தமிழிலும் மலையாளத்திலும்.
அதற்கு அடியில் போடி இருக்கிறது.
போடியில் என் வீடு,
கட்டாத கரண்டு பில், அடைத்துக்கொண்ட சாக்கடை,
எட்டு மணிக்கு ஏலக்காய் ஸ்டோருக்குக் கிளம்பும்
போதுமணி.
கூப்பிட்டு அங்கே எப்படி என்று கேட்டால்
"மூட்டமா இருக்கு. துணி காயலை" என்பாள்.

சென்னைக்காரருக்கு வாய்த்தது மூன்றாவது வகை நாள்.
ஒரு பொட்டு மேகம் இல்லை.
தகரக் கூரைகள் மின்ன, ரோடு நூலாக ஓட,
தென்னந்தோப்பு முதல் பஸ் ஸ்டாண்டு வரை
அப்பட்டமாகக் கிடந்தது.
அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.
"வெறும் ஊருதானே தெரியுது" என்றார்.
ஆமா சார் என்றேன்.
இறங்கும்போது டீக்காசு தரவில்லை.
அதில் வருத்தம் என்று இல்லை. கொஞ்சம் இருந்தது.

போதுமணியை ஒரே ஒரு தடவை கூட்டிவந்தேன்.
ஒரு சீட்டு காலியாக இருந்த மே மாதம்.
மூன்றாவதும் பெண் என்று வைத்த பெயர்,
அதனாலோ என்னவோ எதையும் கேட்டு வாங்கமாட்டாள்.
அன்றும் மேகம் இல்லை.
சூரியன் முகத்தில் அடிக்கக்
கையால் மறைத்துக்கொண்டு கேட்டாள்:
"நம்ம தெரு எது?"
தண்ணித் தொட்டியைக் காட்டி,
அதற்கு இடதுபக்கம், இன்னும் கொஞ்சம் இடது என்றேன்.
மற்றவர்கள் சூரியனைப் பிடித்து
உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
இவள் அசையவில்லை.
அப்புறம், "சிவப்புப் போர்வையை
மாடியிலேயே விட்டுட்டு வந்துட்டேன், பாரு" என்றாள்.

அதெல்லாம் இங்கிருந்து தெரியாது என்றேன்.
தெரியுது என்றாள்.
இத்தனை தூரத்துக்கு வீடே கடுகு, போர்வை எங்கே என்றேன்.
காத்துல மடங்கியிருக்கு என்றாள்.

இறங்கும் வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.
ஸ்டோரில் பெண்கள் எப்படி இருந்தது என்று விசாரித்ததற்கு
நல்லாத்தான் இருக்கு,
குலுக்கல்தான் ஜாஸ்தி என்றாளாம்.

அன்றிலிருந்து தெளிந்த நாட்களில்
ஆறு பேரையும் சூரியன் பக்கம் திருப்பிவிட்டுத்
தண்ணித் தொட்டிக்கு இடதுபக்கம்,
இன்னும் கொஞ்சம் இடது,
ஒரு சிவப்பைத் தேடுகிறேன்.

இதுவரை கிடைக்கவில்லை.