கம்பளிக்குள் கடன்

கல்யாணமான முதல் மார்கழியிலேயே சொல்லிவிட்டேன்,
காலை இந்தப் பக்கம் கொண்டு வராதே போஜா.
கம்பளிக்குள் இரண்டு ஐஸ்கட்டி.
கேத்தியில் யாருக்குத்தான் கால் சூடாக இருக்கிறது
என்பான்.
அதுவும் சரிதான்.
புல்லெல்லாம் வெள்ளையாய் உறைகிற ஊரில்
குளிர்ந்த கால் ஒரு நோயென்று
யாருக்குத் தோன்றும்.

ஏற்றத்தில் பாதி வழியில் நின்றுவிடுவான்.
கெண்டைக்கால் இழுக்கிறதென்று சொல்ல வெட்கம்.
ரயில் வருதா பார்க்கிறேன் என்பான்.
அந்த நேரத்துக்கு ரயிலே கிடையாது.

அரசு பஸ் ஓட்ட மனுப் போட்டு
மெடிக்கலுக்குக் குன்னூர் போனபோதுதான்
கையில் நூற்றெண்பது.
இருபத்தொன்பது வயதில் எதற்கு இவ்வளவு என்று
டாக்டர் மெர்சி பட்டையைக் கழற்றித்
தொடையில் கட்டினார்.
நூற்றுப்பத்துகூட இல்லை.
குனிந்து அவன் பாதத்தில் விரல் வைத்து
வெகுநேரம் துடிப்பைத் தேடினார்.
அந்தக் காலை அதற்குமுன்
யாரும் அப்படித் தொட்டதில்லை, நான் உட்பட.

மகாதமனி என்றார். பிறக்கும்போதே
ஓரிடத்தில் இறுகிப்போயிருக்கிறதாம்.
போஜனுக்கு உடனே புரிந்துவிட்டது:
பர்லியாறு வளைவில் லாரி மாட்டினால்
மேலே ஹாரன், கீழே காலி ரோடு.

கோயமுத்தூரில்
தொடை வழியாக ஒரு கம்பி ஏறிப் போயிற்று.
சுருங்கிய இடத்தில் சுவர் மெலிசு,
விரிக்கும்போது கிழிந்தால் வெறும் வலை தாங்காது,
அதனால் உறை போட்ட ஸ்டென்ட் என்றார்கள்.
கையெழுத்துப் போட்ட தாளில்
'கிழிந்தால்' என்ற சொல்லை மட்டும்
நான்கு முறை படித்தேன்.
உறை என்ன துணி என்று கேட்டேன்.
சிரிக்காமல் பதில் சொன்ன அந்தப் பையன் டாக்டர்
நன்றாக இருக்கட்டும்.

மேலுக்கும் கீழுக்கும் நாற்பத்தாறு வித்தியாசம் இருந்ததாம்,
மூன்றாகிவிட்டதாம்.
பச்சைத் துணியை விலக்கிப் பாதத்தைத் தொட்டேன்.
யாருடைய காலோ என்று
கையை இழுத்துக்கொண்டேன்.

வேலை கிடைக்கவில்லை.
தகுதியில்லை என்று ஊதா முத்திரை.
பிக்கப்பில் கேரட் ஏற்றி
மேட்டுப்பாளையம் போகிறான், பழையபடி.
மாத்திரை ஒன்று குறைந்தது, ஒன்று இருக்கிறது.

நேற்று ஏற்றத்தில் பேசிக்கொண்டே போனவன்
நிற்கவேயில்லை.
கீழே நிஜமாகவே ரயில் போயிற்று.
நான்தான் நின்று பார்த்தேன், மூச்சு வாங்க.

இரவில் என் இரண்டு கால்களையும்
அவன் பாதங்களின்மேல் வைத்தேன்.
ஐயோ என்று துள்ளினான்.

ஆறு மார்கழி, போஜா.
அசையாதே.