தாள் எண் 412

மசினகுடிக்குக் கீழே, சீல் வைத்த விடுதியின்
பின்சுவர் இடிந்த பக்கம்
முழங்கால் உயரத்தில் ஒரு புதர்.
இலை இல்லை. கிளைகூட இல்லை.
பென்சில் பென்சிலாய் நேரே நிற்கும் தண்டுகள்,
சாம்பல் பூசிய பச்சை.

நகத்தால் கீறினேன்.
நகக்கண்ணில் மாவுபோல் ஏறியது மெழுகு.
கீறிய கோடு மட்டும் பளிச்சென்று பச்சை.
ஒடித்ததும் பால்.
“கண்ணுல பட்டுரப் போகுது மேடம்”
ஜீப்பை விட்டு இறங்காமலே சொன்னார் போஜன்.

கள்ளி என்பது சரி.
எந்தக் கள்ளி?
சதுரக்கள்ளி என்றால் விளிம்பு வேண்டும், முள் வேண்டும்.
கொம்புக்கள்ளி கவட்டை கவட்டையாய்ப் பிரியும்,
விட்டால் மரமாகும்.
கொடிக்கள்ளி பாறை மேல் சரிந்து படரும்,
பேரில்தான் கள்ளி, உறவெல்லாம் எருக்கோடு.
இது எதிலும் அடங்கவில்லை.

ஆடுகளோடு வந்த மருதியிடம்
இதுக்கு என்ன பேர் என்று கேட்டேன்.
“ஆடு திங்காததுக்கெல்லாம்
பேரு வச்சிட்டு இருக்க முடியுமா?”
என்றாள், நடையை நிறுத்தாமல்.

ஊட்டியில், அறையின் ஈரக் குளிரில்,
பழைய தினசரிகளுக்கு நடுவே படுக்கவைத்து
பலகையை இறுக்கிக் கட்டினேன்.
கொதிநீரில் முக்கிக் கொன்றிருக்க வேண்டும் முதலில்.
மறந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் பிரித்தால்
‘மனை விற்பனைக்கு’ விளம்பரத்தின் மேல்
எண்ணெய்க் கறைபோல் மெழுகின் தடம்,
தண்டின் நுனியில்
கடுகு கடுகாய்ப் பூ.

தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை,
மேலே மூன்று செங்கல்.

லென்ஸை வைத்தேன்.
வெள்ளைக் கொசுவம் வைத்த கிண்ணம்,
தொண்டையில் இளஞ்சிவப்பு,
காம்பில் தலைகீழாய்த் தொங்கும்
மூவறைச் சூலகம்.
போதும்.
நூலின் பக்கங்கள் தாமாக ஓடி
மெக்சிகோவின் சுண்ணாம்புக் குன்றுகளில் நின்றன.
அங்கே அது நேற்று இன்று வந்ததல்ல,
பாலையின் சொந்தச் செடி.
புதரோடு பிடுங்கி, அமிலம் கலந்த நீரில் வேகவைத்து
நுரையாக மிதக்கும் மெழுகை வழித்தெடுப்பார்களாம்.
சூயிங்கத்துக்கு. லிப்ஸ்டிக்குக்கு.

அட்டையில் பெயர் எழுதினேன். குடும்பம் எழுதினேன்.
‘வந்த விதம்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது.
யாரோ தோட்டக்காரர் நட்டிருப்பார்.
அந்தத் தோட்டம் இப்போது இல்லை,
நீச்சல் குளத்தின் உடைந்த ஓடுகள் மேல்
யானைச் சாணம்.
எல்லோருக்கும் நோட்டீஸ் வந்தது,
இதற்கு மட்டும் வரவில்லை.

“அப்ப வெளிநாட்டுச் செடிதானே, பிடுங்கிரலாமா?”
போஜன் வாசலில், சாவியை ஆட்டிக்கொண்டு.
குளிரில் உதடு வெடித்திருந்தது.
கைப்பையில் இருந்த குச்சியை எடுத்து
பூசப்போனவள்
அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப்
படித்துவிட்டேன்.
பூசிக்கொண்டுதான் சொன்னேன்,
திங்கட்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று.