மூடி: இணையல்ல

ஜாடிக்கேற்ற மூடி என்று
கல்யாண வீட்டில் சொல்வதோடு சரி.
பெண்டிகோவில், டிராம் பாதையோர ஏலக்கடையின் பின்னறையில்
எனக்கு அதுதான் உத்தியோகம்.
மூடியை வைப்பேன். ஒரு விரலால் தட்டுவேன்.
ஆடினால் படிவத்தில் எழுதுவேன்:
மூடி, இணையல்ல.
பாதி விலை அங்கேயே போய்விடும்.

ஆகஸ்டில் இறந்த டெஸ்மண்ட் பாஸ்கோவின் இஞ்சி ஜாடி
பதினோராவது பெட்டியில் இருந்தது.
நீலத்தின் மேல் வெள்ளைப் பிளம் பூ,
பூவுக்கு அடியில் விரிசல் விட்ட பனி;
சூளையில் விழுந்த விரிசலல்ல, தூரிகையால் இழுத்தது.
அடிப்பாகத்தில் இரட்டை வளையம், நடுவில்
இருநூறு வயது கூட்டிச் சொல்லும் நாலெழுத்துப் பொய்.
வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்த பொய்.
அதற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

மூடி ஆடியது.
ஆட்டத்தை நிறுத்த விளிம்பில்
நாலாய் மடித்த செய்தித்தாள்.
குதிரைப் பந்தய முடிவுகள். தேதி, போன பிப்ரவரி.

செவ்வாய்க்கிழமை தெல்மா வந்தார்,
காரின் முன்னிருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்த ஜாடியோடு.
அதே பூ. அதே பனி. அதே பொய்.
அந்த மூடியும் ஆடியது.
மாற்றி வைத்துப் பார்த்தேன்.
சத்தமே இல்லாமல் உட்கார்ந்தன இரண்டும்.

"தெரியும்," என்றார், கையுறையைக் கழற்றாமல்.
"எண்பத்தொன்பதில் பிரிந்தோம்.
வீடு எனக்கு, கார் அவருக்கு, ஜாடி ஆளுக்கொன்று.
அவர் லாரி பிடிக்கப் போன கால் மணி நேரத்தில்
மூடியை மட்டும் மாற்றினேன்.
சண்டைக்காவது வருவார் என்று பார்த்தேன்.
வரவில்லை.
அந்த ஆளுக்குக் கண் போதாது என்று
ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்."

பாஸ்கோவின் கண்ணைப் பற்றி
இந்த ஊர்ச் சேகரிப்பாளர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள்.
இருட்டில் அடிவிளிம்பைத் தடவியே காலம் சொல்வாராம்.
நான் அதையெல்லாம் சொல்லவில்லை.
செய்தித்தாளை நீட்டினேன்.

தேதியை இரண்டு முறை படித்தார்.
பிறகு பந்தய முடிவுகளை, முழுவதும்.
"மூன்றாவதாய் வந்ததில்தான் பணம் கட்டியிருப்பான், மடையன்."

ஜோடியாகப் போட்டால் மூன்று மடங்கு கிடைக்கும் என்றேன்.
மூடிகளைப் பழையபடி மாற்றச் சொன்னார்.
தனித்தனி எண்.
"எழுதிக்கொள்," என்றார், "இணையல்ல."

தாள் எந்தப் பட்டியலிலும் இல்லை.
அது அவர் கைப்பைக்குள் போனது.
அன்று சாயங்காலம் டிராம் கடக்கும்போதெல்லாம்
பாஸ்கோவின் மூடி கிடுகிடுத்தது.
நான் மேசையடியில் குனிந்து
ஒரு பழைய தாளைத் தேடிக்கொண்டிருந்தேன்.